கருவியும் கையும்: கூண்டு வண்டியின் குறைகள்

சென்ற இரண்டு திங்களாக இப்பகுதி இதழில் வெளிவராததை அன்பர்கள் கவனித்திருக்கலாம். சங்கத்து நூலகத்தில் ஒருவர் என் தேக நலத்தை விசாரித்தாராம். தேகத்திற்கு ஒன்றுமில்லை. அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்துக் கொலம்பஸ் நகரில் இருக்கும் மகள் வீட்டிற்கு நானும் என் மனைவியும் சென்றிருந்தோம். ஓய்வாக இருந்துவிட்டு வரலாம் என்பது எண்ணம். போய் இறங்கிய மறுநாள் காலையிலேயே மாப்பிள்ளை என்னை வீட்டின் பக்கவாட்டிற்கு அழைத்துச் சென்று, அங்கே நின்ற பெரியதொரு வெள்ளைப் பெட்டியைச் சுட்டிக்காட்டி, "மாமா, நீங்கள் வரட்டும் என்றுதான் காத்திருந்தேன்" என்றார். என் ஓய்வு அந்த நிமிஷத்தோடு முடிந்தது.

அப்பெட்டிக்கு அந்நாட்டில் டிராவல் டிரெய்லர் என்று பெயர். எஞ்சின் கிடையாது, காரோ பிக்கப் வண்டியோ இழுத்துச் செல்ல வேண்டும். 22 அடி நீளம், இரண்டு அச்சு, நான்கு சக்கரம். உள்ளே கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, குளியலறை, கழிவறை யாவும் உண்டு. நம் பாட்டனார் காலத்தில் கூண்டு வண்டி கட்டிக்கொண்டு, வழியில் சமைத்துச் சாப்பிட்டுத் திருவிழாவுக்குப் போவார்களே, அதன் வெள்ளைக்காரத் தமையன் என்று வைத்துக்கொள்ளுங்கள். பக்கத்து மாநிலமான இண்டியானாவில் எல்கார்ட் என்ற ஊரைச் சுற்றியே இவ்வண்டிகளிற் பெரும்பகுதி கட்டப்படுகிறது. நம் சங்கத்துக் குடும்பங்களிற் பலவற்றின் பிள்ளைகள் அந்நாட்டில் இருக்கிறார்கள். அவர்களில் யாரேனும் பழைய வண்டி ஒன்றை வாங்க நினைத்தால் இக்கட்டுரையை அனுப்பி வைக்கலாம்.

மாப்பிள்ளை வாங்கியது 2016-இல் கட்டிய வண்டி; அவர் இரண்டாவது சொந்தக்காரர். அவர் கையில் ஒரு பட்டியல் இருந்தது. லித்தியம் பாட்டரி, கூரைக்குச் சூரியத் தகடுகள், புதிய குளிர்பெட்டி, புதிய மெத்தை, தொலைக்காட்சி. "எதிலிருந்து ஆரம்பிக்கலாம் மாமா?" என்று கேட்டார். "ஒரு வாரத்துக்கு ஒன்றும் வாங்க வேண்டாம் மாப்பிள்ளை, முதலில் இதற்கு என்ன உடம்பு என்று பார்ப்போம்" என்றேன். அவர் முகம் சற்று வாடியது. புது வண்டிக்காரர்கள் அனைவருக்கும் உள்ள ஆசைதான். ஆனால் ஓட்டைக் கூரையின்மேல் சூரியத் தகட்டை அறைவது, கரையான் பிடித்த கதவுக்கு வார்னிஷ் பூசுவதற்குச் சமம்.

முதல் நாள் செருப்பைக் கழற்றிவிட்டுத் தரை முழுவதும் நடந்தேன். முன்பக்கத்து வலது மூலையில், கட்டிலின் கால்மாட்டில், தரை மெத்தென்று உள்வாங்கிற்று. அங்கே ஒட்டுப்பலகை ஊறிப்போயிருக்கிறது என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். இவ்வண்டிகளிற் பலவற்றின் சட்டம் மெல்லிய மரம், அதன்மேல் ஒட்டுப்பலகை, கூரைக்கு ரப்பர் விரிப்பு. சாலையிலே குலுங்கிக் குலுங்கி ஓரங்களில் அடைத்த பசை வெடிக்கும். அவ்வெடிப்பின் வழியே நீர் புகுந்தால் வெளியே தெரியாமலேயே மரத்தைத் தின்றுவிடும்.

மாப்பிள்ளை கூரை ஜன்னலைச் சந்தேகித்தார், அது அந்த மூலைக்கு நேர் மேலே இருந்ததால். மொட்டைமாடி ஒழுக்கைத் தேடி அலைந்த அநுபவம் உள்ளவர்களுக்குத் தெரியும், நீர் நேராக இறங்குவதில்லை. சட்டத்தின் வழியே தவழ்ந்து வந்து தனக்கு வசதியான இடத்தில் சொட்டும். ஆகையால் ஊகத்தை நிறுத்திவிட்டு ஒரு சோதனை செய்தோம். உதிர்ந்த இலைகளை ஊதித் தள்ளும் விசிறி அங்கே வீட்டுக்கு வீடு இருக்கிறது. கதவு ஜன்னல்களை அடைத்து, கூரைத் துவாரம் ஒன்றில் அட்டை பொருத்தி, அவ்விசிறியால் உள்ளே மெதுவாகக் காற்றை ஏற்றினோம். வெளியே மகள் சோப்பு நீரைத் தெளித்துக்கொண்டே வந்தாள். கூரை ஜன்னலில் ஒன்றுமில்லை. முன் மூலையில் இரவு அடையாளத்திற்காக வைத்த சின்னஞ்சிறு மஞ்சள் விளக்கின் விளிம்பில் கொத்துக் கொத்தாகக் குமிழிகள் கிளம்பின! பேத்திக்கு ஒரே குதூகலம்.

அவ்விளக்கைக் கழற்றியபோது, பழைய சொந்தக்காரர் அதன்மேல் சிலிக்கோன் பசையை அப்பியிருந்தது தெரிந்தது. இது அங்கே பரவலான தவறு. சிலிக்கோன் ஒருமுறை பூசிய இடத்தில் பிறகு வேறு பசை எதுவும் ஒட்டாது. சிலிக்கோனே ஒட்டுவது சந்தேகம். அவ்வளவையும் சுரண்டி எடுக்க அரைநாள் பிடித்தது. அதன்பின் ப்யூட்டைல் என்னும் பிசுபிசுத்த நாடாவை விளிம்பின் அடியில் வைத்து விளக்கைத் திருகினோம். கூரையின் ஓரங்களுக்கு, தானாகவே சமதளமாகப் படியும் பசை தனியே விற்கிறார்கள். அது ரப்பருக்கு உகந்ததுதானா என்று டப்பாவின்மேல் படித்துப் பார்த்து வாங்க வேண்டும். ரப்பர் கூரையைப் பெட்ரோல் கலந்த திரவங்களால் துடைக்கலாகாது, ரப்பர் உப்பிவிடும். ஊறிய பலகையை ஒரு தச்சர் வெட்டியெடுத்துப் புதிது வைத்தார். மெத்தைக்கு ஒதுக்கிய பணம் அதற்குப் போயிற்று.

நிற்க. இரண்டாவது குறை என் பழைய தொழிலைச் சேர்ந்தது. ரயில் பெட்டிகளுக்கு விளக்குப் போடும் பகுதியில் முப்பத்திரண்டு ஆண்டுகள் உத்தியோகம் பார்த்தவன் நான். வண்டி ஓடும்போது அச்சின் சுழற்சியால் மின்சாரம் உண்டாகி, நிற்கும்போது அடியிலுள்ள பாட்டரிகள் விளக்கையும் விசிறியையும் ஓட்டும் முறையிலேயே வாழ்நாள் கழிந்தது. ஆகவே, "தண்ணீர்ப் பம்ப் ஓடினால் விளக்கெல்லாம் மங்குகிறது, பாட்டரி செத்துவிட்டது மாமா" என்று மாப்பிள்ளை சொன்னவுடன் எனக்குக் கை துறுதுறுத்தது.

இவ்வண்டியில் இரண்டு வித மின்சாரம் உண்டு. முகாமில் கம்பத்திலிருந்து எடுக்கும் 120 வோல்ட்டு ஒன்று. குளிர்சாதனம் போன்ற பெரிய யந்திரங்கள் அதில் ஓடும். பாட்டரியின் 12 வோல்ட்டு மற்றொன்று. விளக்கு, பம்ப், விசிறி ஆகியவை அதில். முன்னதிலிருந்து பின்னதை உண்டாக்கிப் பாட்டரியை ஊட்டுவதற்குக் கன்வர்ட்டர் என்ற பெட்டி உண்டு. மல்டிமீட்டரை வாங்கிக்கொண்டு முதலில் பாட்டரியைப் பார்த்தேன். ஓய்வாக நிற்கையில் 12.6 வோல்ட்டு, ஈய அமிலப் பாட்டரிக்கு அது நிறைந்த வயிறு. 12.2 என்றால் பாதி என்று கொள்ளலாம். பம்பைப் போடச் சொன்னேன். பாட்டரியில் 12.4, பம்பின் முனையில் 10.3. இடையிலே இரண்டு வோல்ட்டுக்கு மேல் எங்கோ தொலைகிறது. பாட்டரி களவு கொடுத்தவரே தவிரத் திருடர் அல்லர்.

திருடனைப் பிடிக்கும் முறை இதுதான். பம்ப் ஓடிக்கொண்டிருக்கும்போதே மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும், மற்றொன்றை வண்டியின் இரும்புச் சட்டத்திலும் வைக்க வேண்டும். இரண்டும் ஒன்றே என்பதால் சுழி காட்ட வேண்டும். காட்டியதோ 1.8 வோல்ட்டு. சட்டத்தில் எர்த் கம்பியைப் பிணைத்த போல்ட்டு ஒன்பது குளிர்காலத்து உப்பில் துருவேறிக் கிடந்தது. (பனி உருகுவதற்காகச் சாலையில் உப்பைத் தூவுகிறார்கள், இரும்புக்கு அது எமன்.) கம்பி பிரஷால் பளபளவென்று தேய்த்து, புதிய போல்ட்டு முறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். பம்பில் 12.1 வந்தது. செலவு ஒன்றரை டாலர். லித்தியம் பாட்டரி வாங்கியிருந்தால் அதுவும் இந்தத் துருவின் வழியேதான் மின்சாரம் அனுப்பியிருக்கும்.

பாட்டரி விளக்குக்கு மட்டும் என்று எண்ணிவிட வேண்டாம். இழுத்துச் செல்லும் வண்டியிலிருந்து டிரெய்லர் அறுந்து பிரிந்துவிட்டால், ஒரு சிறு கம்பி முளையைப் பிடுங்கி, டிரெய்லரின் மின்பிரேக்குகள் தாமாகப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பிரேக்குக்கு உயிர் கொடுப்பது இந்தப் பாட்டரியே.

வீட்டிலேயே இவ்வண்டிக்கு ஒரு மின்செருகி வைக்க மின்பணியாளர் ஒருவரை மாப்பிள்ளை அழைத்திருந்தார். 30 ஆம்பியர், 120 வோல்ட்டு. அந்நாட்டில் துணி உலர்த்தும் யந்திரத்துக்கு 30 ஆம்பியரில் 240 வோல்ட்டுச் செருகி வைப்பது வழக்கம். பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றாயிருப்பதால் பழக்க தோஷத்தில் சிலர் இதற்கும் 240 கொடுத்துவிடுகிறார்கள். செருகிய கணத்தில் வண்டியிலுள்ள சாதனங்கள் கருகிவிடும். வந்தவர் சரியாகவே செய்தார். ஆயினும் மீட்டரை வைத்துப் பார்த்த பிறகே செருக விட்டேன்.

குளிர்பெட்டியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அது ஓடவில்லை, மாற்ற வேண்டும் என்பது பட்டியலில் மூன்றாவது. அதில் நம் வீட்டுக் குளிர்பெட்டியைப்போல் கம்ப்ரஸர் இல்லை. அமோனியா, நீர், ஹைட்ரஜன் மூன்றும் குழாய்களுள் சுற்ற, சுடரோ மின்சூடோ அவற்றை நடத்துகிறது. அசையும் உறுப்பு ஒன்றும் கிடையாது. ஸ்டாக்ஹோமில் மாணவர்களாயிருந்த பிளாட்டன், முன்டர்ஸ் என்ற இருவர் 1922-இல் கண்டுபிடித்தது. அதற்கு ஒரே நிபந்தனை, சமதளத்தில் நிற்க வேண்டும். சாய்ந்தால் திரவம் தேங்கிச் சுற்று நின்றுவிடும், நாளடைவில் குழாயே அடைபடும். வண்டியோ சரிவான பாதையில் நின்றிருந்தது! சக்கரத்தின்கீழ்ப் பலகை வைத்து நேராக்கினோம். குளிர்வதற்கு ஓரிரவு பிடிக்கும். மறுநாள் காலை தயிர் கல்லாயிருந்தது.

இனிச் சொல்லப்போவதை எழுதும்போது இப்போதும் எனக்குக் கை சற்று நடுங்குகிறது.

கட்டிலருகே, தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில், சல்லடைக் கண்கள் வைத்த சிறு பெட்டி ஒன்று சுவரிற் பதிந்திருந்தது. விளக்கு எரியவில்லை. கழற்றிப் பார்த்தேன். பின்னால் இரண்டு கம்பிகளையும் வெட்டி நாடா சுற்றியிருந்தார்கள். அது சமையல் வாயு கசிந்தால் அலறும் கருவி. புரொப்பேன் வாயு காற்றைப்போல் ஒன்றரை மடங்கு கனமானது, தரையோடு தேங்கும், ஆதலால்தான் கருவியைக் கீழே வைக்கிறார்கள். அதன் ஆயுளும் ஐந்து முதல் ஏழு ஆண்டுகளே. முதுகில் தேதி அச்சிட்டிருக்கும். புதியது வாங்கிப் பொருத்தினோம்.

மறுநாள் மாலை உருளையின் வாயைத் திறந்து வைத்திருந்தோம். அடுப்பு எதுவும் எரியவில்லை. பேத்தி கட்டிலின்மேல் படம் வரைந்துகொண்டிருந்தாள். திடீரென்று அந்தப் பெட்டி காது கிழிய அலறிற்று. "புதிது அல்லவா மாமா, முதலில் இப்படித்தான் கத்தும்போலும்" என்று மாப்பிள்ளை அதை அமர்த்தக் கை நீட்டினார். "தொடாதீர்கள்! விளக்கு ஸ்விட்சையும் தொட வேண்டாம், குழந்தையைத் தூக்கிக்கொண்டு இறங்குங்கள்" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டார் வெளியே வந்துவிட்டனர். உருளையை மூடினேன். கதவையும் ஜன்னல்களையும் திறந்துவிட்டு வெளியே நின்றோம். மகள் குழந்தையைக் கீழே இறக்கி விடவேயில்லை.

மறுநாள் காலை, உள்ளே நன்றாகக் காற்று வாங்கவிட்டு, மறுபடி சோப்பு நீர். அடுப்பின் பின்னால் செப்புக் குழாய் சேரும் மரையில் சிறு குமிழி, ஊசிமுனை அளவு, விடாமல் கிளம்பிக்கொண்டிருந்தது. குலுக்கலில் தளர்ந்த மரை. உருளையை மூடிவிட்டு, இரண்டு ஸ்பானர் வைத்து, ஒன்றால் பிடித்து மற்றொன்றால் முறுக்கினோம். அத்தகைய விரிந்த வாய்க் குழாய் மூட்டுக்கு நாடாவோ பசையோ சுற்றலாகாது. அதோடு திருப்தி அடையாமல், உரிமம் பெற்ற பணியாளர் ஒருவரை அழைத்து, குழாய் முழுவதும் அழுத்தம் நிற்கிறதா என்று சோதிக்கச் செய்தோம். ரெகுலேட்டரிலிருந்து வரும் அழுத்தம் 11 அங்குல நீர்மட்டம் இருக்க வேண்டும் என்பது கணக்கு. பழைய சொந்தக்காரருடைய கருவியும் உண்மையைத்தான் கத்தியிருக்கும். அவர் கசிவை விட்டுவிட்டுக் கம்பியை வெட்டியிருக்கிறார். அந்தப் பட்டியலில் இந்தக் கருவி இடம்பெறவேயில்லை என்பதை மாப்பிள்ளை தாமாகவே சொன்னார்.

கரிப்புகை வாயுவுக்கு வேறு ஒரு கருவி உண்டு. அதுவும் இருக்க வேண்டும். குளிருக்காக அடுப்பை எரியவிட்டுக்கொண்டு உறங்கவே கூடாது. மூடிய அறையில் அங்கீட்டி வைத்து உறங்கியவர்கள் விழிக்காத செய்தியைத் தில்லியில் குளிர்காலந்தோறும் படிக்கிற நமக்கு இதை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் ஆனபின் பட்டியலுக்குத் திரும்பினோம். பழைய குமிழ் விளக்குகளுக்குப் பதிலாக எல்.இ.டி. போட்டோம், ஒன்றரை ஆம்பியர் தின்றவை கால் ஆம்பியருக்கும் குறைவாகத் தின்கின்றன. கம்பத்து மின்சாரம் தாறுமாறாயிருந்தால் துண்டிக்கும் காப்புக் கருவி ஒன்று வாங்கினோம். லித்தியம் பாட்டரி நல்ல பொருள்தான். ஈயத்தில் பாதி எடையே, முழுக் கொள்ளளவையும் ஏறக்குறைய உபயோகிக்கலாம். ஆனால் பழைய கன்வர்ட்டர் 13.6 வோல்ட்டோடு நின்றுவிடும், லித்தியம் 14.4 அளவுக்குக் கேட்கும். எனவே இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும். உறைநிலைக்குக் கீழே அதற்கு மின்சாரம் ஏற்றுவதும் ஆகாது. அடுத்த ஆண்டு பார்த்துக்கொள்ளலாம் என்று மாப்பிள்ளையே தள்ளிவைத்தார்.

டயர்களைப் பற்றி எனக்கும் அவருக்கும் சிறு வாக்குவாதம். கொஞ்சமும் தேயவில்லை, எதற்கு மாற்றுவது என்றார். டயரின் பக்கத்தில் பொறித்த குறியீட்டின் கடைசி நான்கு எண்களைக் காட்டினேன்: 0716. அதாவது 2016-ஆம் ஆண்டின் ஏழாம் வாரத்தில் செய்தது. டிரெய்லர் டயர் ஓடித் தேய்வதைவிட நின்று வெயிலில் கிழடு தட்டுவதே அதிகம். பக்கச் சுவரில் மயிரிழை வெடிப்புகள் ஓடியிருந்தன. நான்கையும் மாற்றினோம்.

பாரத்தை வைப்பதிலும் நம் மாட்டு வண்டிச் சாஸ்திரமே செல்லும். முன்பாரம் மிகுந்தால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் மிகுந்தால் ஏர்க்கால் மேலே கிளம்பும். இங்கே பின்பாரம் மிகுந்தால் வேகத்தில் வால் ஆடி, இழுக்கும் வண்டியையும் சேர்த்துக் கவிழ்த்துவிடும். மொத்த எடையில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பங்கு கொக்கியின்மேல் இருக்க வேண்டும். லாரிகள் நிற்கும் எண்ணெய் நிலையத்து எடைமேடையில் பிக்கப்பை மட்டும் நிறுத்தி, டிரெய்லரைக் கோத்து ஒருமுறையும் கழற்றி ஒருமுறையும் பார்த்தோம். வித்தியாசம் 410 பவுண்டு. 5,200 பவுண்டு வண்டிக்கு 520 ஆவது வேண்டும். விசாரித்ததில், என் மனைவி மாவரைக்கும் யந்திரத்தையும் அரிசி மூட்டையையும் பின்புறத்து அறையில் வைத்திருந்தது வெளிப்பட்டது. முன்னே மாற்றியதும் 590 வந்தது. யந்திரத்தை விட்டுவிட்டு வரலாம் என்ற என் யோசனை ஏற்கப்படவில்லை.

ஹாக்கிங் ஹில்ஸ் என்ற மலைப்பூங்கா சுமார் 60 மைல். மணற்பாறைக் குகைகளும் அருவிகளும் உள்ள அழகிய இடம். சக்கரத்தைக் கழற்றி மாட்டியதால் 10, 25, 50 மைல்களில் நட்டுகளை மீண்டும் முறுக்க வேண்டும் என்பது விதி. 25 மைலில், லாங்கஸ்டர் ஊரருகே நிறுத்தினோம். ரயில்வேயில் வண்டி வந்து நின்றதும் அச்சுப்பெட்டிகளைப் புறங்கையால் தொட்டுப் பார்த்துக்கொண்டு போவார்கள். அந்தப் பழக்கத்தில் ஒவ்வொரு சக்கரத்துக் குடத்தையும் தொட்டேன். மூன்று வெதுவெதுப்பு. நான்காவதில் வைத்த கையை வெடுக்கென்று எடுத்தேன்.

"இன்னும் கொஞ்ச தூரம்தானே தாத்தா" என்றாள் பேத்தி. அங்கேயே நின்றோம். ஊர் ஊராகச் சென்று பழுதுபார்க்கும் பணியாளர் ஒருவர் மாலையில் வந்து குடத்தைத் திறந்தார். கிரீஸ் கருகிக் கட்டியாகியிருந்தது, பேரிங் நீலம் பாரித்திருந்தது. போன ஆண்டுதான் கிரீஸ் வைத்தோம் என்று விற்றவர் சொன்னதை நாங்கள் நம்பியதே பிழை; பழைய வண்டியாயின் வாங்கியவுடன் நான்கு குடங்களையும் திறந்து பார்த்துவிட வேண்டும், பின்பு ஆண்டுக்கொருமுறை. இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்தது. பூங்காவுக்குப் போகவில்லை; வீடு திரும்பினோம். மற்ற மூன்று பேரிங்குகளுக்கும் புது கிரீஸ் வைத்துவிட்டு, இரண்டு வாரம் கழித்தே போனோம். குழந்தை அருவியில் ஆடிய ஆட்டத்தைப் பற்றி எழுதினால் இப்பகுதி பயணக் கட்டுரையாகிவிடும்.

நாங்கள் தில்லி திரும்பியபின், குளிர் தொடங்கும் முன் குழாய்களில் நீர் உறையாதபடி செய்ய வேண்டிய வேலையை மாப்பிள்ளை தாமே செய்தார். நீர் உறையும்போது ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு பெருத்துக் குழாயைப் பிளந்துவிடும். தொட்டிகளை வடித்து, வெந்நீர்க் கலத்தைச் சுற்றிலிருந்து விலக்கி, வண்டிக் குழாய்களுக்கென்றே விற்கும் இளஞ்சிவப்புத் திரவத்தைப் பம்பால் செலுத்த வேண்டும். காரில் ஊற்றும் உறைதடுப்புத் திரவம் விஷம், அதைத் தவறியும் ஊற்றலாகாது. ஒவ்வொரு குழாயாகத் திறந்து, சிவப்பு வருகிறதா என்று பேத்தி பார்த்துச் சொன்னாளாம். கழிவறைக் குழாய் ஒன்றை மறந்துவிட்டதை அவள்தான் நினைவூட்டினாள் என்று மகள் தொலைபேசியில் சொன்னாள்.

அடுத்த திங்கள், நம் வீடுகளில் வெந்நீருக்கு வைத்திருக்கும் கீஸரைத் திறந்து பார்ப்போம்.